வாடிப்பட்டியில் ஒரு பித்தளைக் குழல்

பழைய சாமான் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக இதை எழுதிவிடுகிறேன். தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

நீங்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். கிராமபோன் பெட்டி அசலா, பின்னால் ஒட்டுப்போட்ட சேர்மானமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். திருகாணித் தலையில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாகக் கூட்டல் குறி வெட்டியிருந்தால் அது அந்தக் காலத்துத் திருகாணி இல்லை. மூலையில் பிளைவுட் அடுக்கு தெரிந்தால் பெட்டி புதிது. குழல் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னி, தூக்கினால் கை கடுத்தால், வடக்கே ஏதோ ஒரு பட்டறையில் சமீபத்தில் அடித்தது. பத்துப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினால் யாருக்கும் இது விளங்கிவிடும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது.

நீங்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? பெட்டி சேர்மானம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, சரி. அதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? சொன்னால் யார் நம்புவார்கள்? என் தொழில் காலம் முழுவதும் என்னைப் படுத்தியெடுத்தது இதுதான்.

நான் இந்தத் தொழிலுக்குத் திட்டம் போட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். அது சரிப்படவில்லை. பிறகு சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பழைய பித்தளைக்கு மாற்றிக் கொடுத்தேன். சில நாள் சாப்பாடு இருந்தது, சில நாள் இல்லை. மழை வந்தால் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். ஒருநாள் பித்தளைக் குவியலுக்கு நடுவில் ஒரு கிராமபோன் மோட்டார் வந்தது. எடைக்குப் போட மனசு வரவில்லை. அதைப் பிரித்துப் பார்த்ததில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். இப்போது திருநகரில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். முழங்கால் பழுதானதால் ஓய்வு. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை.

ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் வாடிப்பட்டியிலிருந்து தவமணி என்பவர் போன் செய்தார். சிமெண்ட் கடை வைத்திருப்பவர்.

"அண்ணே, எங்க வீட்டுல தாத்தா காலத்து கிராமபோன் ஒண்ணு இருக்கு. நாய் படம் போட்டது. நீங்க நேர்ல வந்து பாத்து, இம்புட்டு பெறும்னு நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்லணும்."

"விக்கப் போறீங்களா?"

"விக்கல. நீங்க சொல்லணும், அம்புட்டுத்தான்."

விற்காத பொருளுக்கு நாலு பேர் முன்னால் விலை கேட்கிறவரைக் கண்டால் உஷாராகிவிடுங்கள். அந்த விலை வேறு எதற்கோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். எதற்கு என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

காலையில் பஸ் பிடித்துப் போனேன். வாசலிலேயே ஆட்டுக்கறி மணம். ஹாலின் நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் பட்டுத்துணி விரித்து, பெட்டியை உட்கார வைத்திருந்தார்கள். ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளைக் குழல். குழலைச் சுற்றி மல்லிகைச் சரம். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மதிப்புப் பார்க்க ஆள் வருகிறான் என்றால் நம் பக்கத்தில் முந்தின நாளே பொருளைப் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பு. அழுக்கில்தான் பொருளின் வயது இருக்கிறது என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்டதில்லை.

ஹாலில் தவமணியைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். அவருடைய ஒரே தங்கை முத்துலட்சுமி, அவனியாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். தங்கையின் கணவர் பாண்டி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மூன்றாவது, காலமாகிவிட்ட தகப்பனாரின் தம்பி. அவரை எல்லோரும் சின்னையா என்று கூப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் பெரிய மனிதர் என்று அவரை வரவழைத்திருந்தார்கள்.

காப்பி கொடுக்கும்போது பாண்டிதான் விஷயத்தை அவிழ்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னிக்கு மதியம் பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்குண்ணே. இவ விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறா. ரோட்டுப் புஞ்சை மச்சானுக்கு. கிராமபோன் எங்களுக்கு. மச்சானுக்குப் பெரிய மனசு."

விடுதலைப் பத்திரம் என்றால், அப்பன் சொத்தில் எனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று பெண்பிள்ளை எழுதிக் கொடுப்பது. பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் சொல்வது எல்லோருக்கும் தெரியும். தெரிவதால்தான் இந்தப் பத்திரம் தேவைப்படுகிறது. பதிலுக்கு ஒரு பட்டுச்சேலை, கொஞ்சம் நகை, உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீரில் குறை வைக்க மாட்டேன் என்று ஒரு வாக்கு. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். தவமணி ஒரு படி மேலே போய் கிராமபோனைக் கொடுக்கிறார். புஞ்சை, திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. கிராமபோன் கோடி ரூபாய் பெறும் என்று போனில் ஏதோ ஒரு வீடியோவில் ஒருவன் சொல்லியிருக்கிறான். அந்த வீடியோவைத் தவமணி தங்கைக்கும் அனுப்பி வைத்திருக்கிறார்.

முத்துலட்சுமி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். திருகாணிகள் எல்லாம் கூட்டல் குறி. மூலையில் பிளைவுட். நாய் படம் போட்ட கம்பெனி முத்திரைத் தகட்டின் முதுகு புதுக்காசு மாதிரி இருந்தது. மேல்பலகையைத் தூக்கினேன். உள்ளே மட்டும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இரட்டைச் சுருள்வில் மோட்டார். அசல். சாவி கொடுத்தேன். சத்தமே இல்லாமல் தட்டு சுற்றியது. என் வாடிக்கையாளர் ஒருவருக்காக வெகுநாளாக நான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த ரகம் அது.

"இது மொதல்ல சூட்கேஸ் மாதிரில்ல இருந்துச்சு" என்றார் சின்னையா. "பெட்டி உளுத்துப் போச்சுன்னு எங்க அண்ணன்தான் மதுரையில குடுத்து, குழா மாட்டிட்டு வந்தாரு. தவமணி கல்யாணத்துக்கு சினிமால வர்ற மாதிரி ஹால்ல வைக்கணும்னு."

"சின்னையா, செத்த சும்மா இருங்க. சட்டைய மாத்துனா ஆளு மாறிருவானா?" என்றார் தவமணி. பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்கண்ணே, கை கழுவிட்டு வருவோம்" என்று கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "கோடியெல்லாம் வேணாம்ணே. ஒரு அம்பது லட்சம்னு சொல்லுங்க, போதும். ஒங்க மனசு நோகாம அனுப்பி வைக்கிறேன்."

அவர் தெரிந்தே ஏமாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பாதி அவரே நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. மீதிப் பாதியை நான் வந்து நிரப்ப வேண்டும். இப்படிப்பட்டவர்களோடுதான் நீங்கள் காலம் தள்ளப் போகிறீர்கள். முழுத் திருடனாக இருந்தால் வேலை சுலபம்.

ஹாலுக்குத் திரும்பினோம். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. நேராகச் சொன்னேன்.

"மோட்டார் பழசு. நல்ல மோட்டார். பெட்டி, குழல், நாய் எல்லாம் பின்னால சேத்தது. ஓட்டல்ல அழகுக்கு வைக்க யாராச்சும் வாங்குவாங்க. மொத்தமா ஒரு நல்ல கறவை மாட்டு விலைகூடப் போகாது."

அந்த அம்மா நிம்மதிப் பெருமூச்சு விடுவார், எனக்கு ஒரு கும்பிடு போடுவார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

"யாரு சொல்லிக் குடுத்து வந்தீங்க?" என்று முத்துலட்சுமி எழுந்துவிட்டார். அண்ணனைப் பார்த்தார். "கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயி இதத்தான் பேசுனியாண்ணே? ஒண்ணுமில்லேன்னு சொல்ல வச்சு, பெட்டியையும் நீயே அமுக்கிரலாம்னு பாக்குறியா?"

"நானா? அடியேய், நான் ஏத்திச் சொல்லச் சொன்னேன்..." என்று ஆரம்பித்த தவமணி, நாக்கைக் கடித்துக்கொண்டு என்மீது பாய்ந்தார். "இந்த ஆளு தனக்கு அமுக்கப் பாக்குறாரு. வீடியோவுலயே சொன்னான். வியாபாரிக இப்படித்தான் மட்டமாப் பேசிட்டு, அப்புறமா வந்து வாங்கிருவானுகன்னு."

"மச்சான் சொல்றது கரெக்ட்டு" என்றார் பாண்டி.

அந்த நிமிடத்தில் அந்தக் குடும்பத்தில் அப்படி ஓர் ஒற்றுமை. நான் திருகாணியைக் காட்டினேன். ரிப்பேருக்கு மாற்றியிருப்பார்கள் என்றார் பாண்டி. பிளைவுட்டைக் காட்டினேன். அந்தக் காலத்திலேயே வெளிநாட்டில் பிளைவுட் உண்டு என்றார் தவமணி.

"நாய் இருக்குல்ல?" என்றார் பாண்டி.

"நாய் இருக்கு. தகடு புதுசு."

"நாய் இருந்தா ஒரிஜினல்தான்ணே. ஒங்களுக்குத் தெரியாது."

எனக்கு வந்த எரிச்சலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அதற்குள் முத்துலட்சுமி கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "டோக்கனுக்கு நேரமாச்சு. வண்டிய எடுங்க. மொத ஆளா கையெழுத்துப் போட்டுட்டு, இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவோம். இனி ஒரு நிமிசம் இங்க வைக்கக் கூடாது."

நான் உண்மையைச் சொல்லப் போய், அது அவரைப் பத்திர ஆபீசுக்கு விரட்டுகிறது. நான் வராமலே இருந்திருந்தால்கூட அவர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அவர்கள்மேல் கோபப்படுவதில் நியாயமும் இல்லை. குறைத்துச் சொல்வது, பிறகு பெரிய மனசு பண்ணி வாங்குவது போல் வாங்குவது, இதை நம் தொழிலில் எத்தனை பேர் எத்தனை வீட்டில் செய்திருக்கிறார்கள்? நம் ஆட்கள் போட்ட பாதையில்தான் அவர்கள் யோசித்தார்கள். கிராமபோனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் அந்த ஹாலில் செல்லாக்காசு. இன்னும் நாலு திருகாணியைக் காட்டினால் இன்னும் நாலு மடங்கு சந்தேகம் வரும். அதனால் பேச்சை நிறுத்திவிட்டேன். மேல்பலகையைப் பூட்டத் தொடங்கினேன்.

என்னை மடக்க வேண்டும் என்று தவமணிக்கு ஒரு யோசனை வந்தது.

"சரிண்ணே. ஒண்ணுத்துக்கும் ஆகாத பொருள்னுதான சொல்றீங்க? கறவை மாட்டு விலை வேணாம். கன்னுக்குட்டி விலைக்குத் தாரேன். நீங்களே எடுத்துக்கிறீங்களா?" தங்கையைப் பார்த்து ஒரு கண் ஜாடை. இப்போது பார், சாயம் வெளுக்கும் என்று அர்த்தம்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் கை அந்த மோட்டாரின் சாவிமேல் இருந்தது. கன்றுக்குட்டி விலை என்பது அந்த மோட்டாருக்குக் கொள்ளை மலிவு. அதை எடுத்துக்கொண்டு போனால் என் வாடிக்கையாளர் முகம் எப்படி மலரும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம் எனக்கு வேறு வரும்படியும் இல்லை. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் அமுக்க வந்தவன் என்று உறுதியாகிவிடும். பெட்டி கோடி பெறும் என்று நம்பி முத்துலட்சுமி பத்திர ஆபீசில் நிற்பார்.

"வேணாம்" என்றேன்.

"பாதி விலைக்கு?"

"வேணாம்."

"சும்மா குடுத்தா?"

"சும்மா குடுத்தாலும் வேணாம்."

"ஏன்? மோட்டாரு நல்லாருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இப்பவும் சொல்றேன், நல்ல மோட்டார்தான். நான் விலை சொன்ன பொருள நான் எடுக்குறதில்ல. நாளைக்கு ஆள் விட்டும் எடுக்க மாட்டேன்."

குழலைத் துடைத்து, கழற்றிய மல்லிகைச் சரத்தைத் திரும்பவும் அதன்மேலேயே போட்டுவிட்டுப் பையை எடுத்தேன். முத்துலட்சுமி என்னையே பார்த்தார். வாங்க வந்தவன் முகத்தில் எங்கேயாவது ஆசை தெரிகிறதா என்று தேடுகிற பார்வை. ஆசை இருந்தது. அதைக் கையில் எடுக்காமல் நின்றேன்.

"சும்மா குடுத்தாலுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்மா."

அவர் திரும்ப உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒண்ணு செய்வோம். பெட்டிய நீயே வச்சுக்க. ரோட்டுப் புஞ்சைய எனக்குக் குடு. வருசா வருசம் பொங்கலுக்கு நான் ஒனக்கு சீர் கொண்டாந்து வைக்கிறேன்."

சின்னையாவுக்குக் காப்பி புரையேறியது.

"என்ன, வெளாடுறியா?" என்றார் தவமணி. "பொம்பளப் புள்ளைக்குப் புஞ்சை எதுக்கு?"

"பெட்டி கோடி பெறும்ல? புஞ்சை அம்புட்டுப் பெறாதுல்ல? லாபமெல்லாம் ஒனக்குத்தாண்ணே."

"ஏய், நீ என்னடி..." என்று பாண்டி குறுக்கே வந்தார்.

"நீங்க பேசாம இருங்க."

தவமணி சின்னையாவைத் துணைக்குப் பார்த்தார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "மூத்தவன் பங்கு வச்சா இளையவன் மொதல்ல எடுக்கணும். நானும் ஒங்கப்பனும் அப்படித்தான் பிரிச்சோம். நல்ல வயலா பாத்து நான் எடுத்தேன், அண்ணன் ஒரு வார்த்தை பேசல. நீ பெட்டி ஒரு பங்கு, புஞ்சை ஒரு பங்குன்னு வச்சுட்ட. இந்தப் புள்ள எடுத்துருச்சு. பெட்டி எம்புட்டு பெறும்னு நீதானப்பா சொன்ன?"

"அது ஆம்பளப் புள்ளைகளுக்குள்ள செய்யிறது சின்னையா."

"பங்கு பங்குதானப்பா."

தவமணி பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் திரும்பி, "சாப்பாடு என்னாச்சு?" என்று சத்தம் போட்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்ததுதான் அந்தப் பெட்டியின் விலை. அத்தனை துல்லியமாக நான்கூடச் சொல்லியிருக்க முடியாது.

முத்துலட்சுமி அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் கூலியும் கிடைக்கவில்லை, கறிச்சோறும் கிடைக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை பாண்டியின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்கள். வழி முழுக்க அவர் புலம்பிக்கொண்டே வந்தார். "நல்லாப் போய்க்கிட்டிருந்த விஷயத்தக் கெடுத்துட்டீங்களேண்ணே." அந்த அம்மா நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் இறங்கும்போது இதை மட்டும் சொன்னார்: "நீங்க சொன்னத நான் நம்பலண்ணே. வேணாம்னீங்கள்ல, அதத்தான் நம்புனேன்."

என் வாடிக்கையாளரிடம் அந்த மோட்டாரைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். விட்டுவிட்டு வந்ததற்கு என்னைக் கண்டபடி பேசிவிட்டு வேறு வியாபாரியிடம் போய்விட்டார். போகட்டும்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் நெடுநாள் பேசாமல் இருந்தார்கள். சின்னையா நடையாய் நடந்து, கடைசியில் புஞ்சையை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரித்துக் கல் நட்டார்கள். இரண்டு பங்குக்கும் ரோட்டுமுகம் வந்தது. முத்துலட்சுமி பெயரில் பட்டா ஆகிவிட்டது. பாண்டி அங்கே ஆட்டோ ஒர்க்ஷாப்புக்குக் கொட்டகை போட்டிருக்கிறார். கொட்டகை தன் யோசனை என்று என்னிடமே போனில் சொல்கிறார்.

பெட்டி என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அத ஏண்ணே கேக்குறீங்க. மச்சான் இன்னும் விக்கல. மாசத்துக்கு ஒரு வியாபாரிய வரச் சொல்லி, கறி ஆக்கிப் போட்டுக் காட்டுறாரு. வர்றவன் அம்புட்டுப் பேரும் ஒங்கள மாதிரியே சொல்றானுகளாம். மதுரையில இருக்க அத்தன வியாபாரியும் கூட்டுச் சேந்து தன்னைய ஏமாத்துறதா சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

ஆகவே, உங்களில் யாரையாவது அவர் கட்டாயம் கூப்பிடுவார். போங்கள். பூவைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, கண்டதைச் சொல்லுங்கள். அவர் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள், கறி நன்றாக இருக்கும் என்றுதான் கேள்வி. வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.